ராமப்பனின் சவரக்கல்

இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்த மூன்று கற்களையும் கட்டில்மேல் வரிசையாக வைத்துவிட்டு ஜோதிமணி விழித்துக்கொண்டிருந்தாள். சவரக்கத்தி கிடைத்துவிட்டது. அதைத் தீட்டுகிற கல் எதுவென்றுதான் தெரியவில்லை. தலையணையில் சாய்ந்திருந்த கணவர் ராமப்பனுக்குத் தெரியும், சொல்லத்தான் முடியாது. நான்கு மாதத்துக்கு முன்னால் ஓசூர் கம்பெனியில் கிரைண்டிங் மிஷின் முன்னாலேயே சாய்ந்தவருக்குப் பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துபோயின. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல், சொந்த ஊரான பேரிகையில் அவர் அம்மா பேசிய தெலுங்கிலிருந்து. 'லேது.' இல்லை என்று அர்த்தம். பசித்தாலும் லேது, வலித்தாலும் லேது. கல்லாவியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவளிடம் இருபத்தேழு வருஷம் தமிழிலேயே பேசியவர். அந்தத் தமிழில் ஒரு சொல்கூட அவரிடம் தங்கவில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லி அழ முடியவில்லை.

அன்று பத்து மணிக்கு கிருஷ்ணகிரியில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான முகாம். போட்டோ எடுப்பார்கள். இந்தத் தாடியோடு அவரைக் கூட்டிப்போக அவளுக்கு மனசில்லை. முந்தின நாள் சலூன் பெருமாள் டிரிம்மரோடு வந்தபோது ராமப்பன் இடது கையால் அதைத் தட்டிவிட்டு, பெட்டியையே காட்டிக்கொண்டிருந்தார். அதிலிருந்து அவள் எடுத்துக் காட்டிய கத்தியைப் பார்த்துப் பெருமாள் பின்வாங்கிவிட்டான்.

"இது எனக்குப் பழக்கமில்லக்கா. நாங்க பிளேடு மாத்திப் போடறவங்க. ரத்தம் ஒறையாம இருக்க மாத்திர வேற சாப்புடறாரு. கீறிடுச்சின்னா நிக்காது."

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. ஆனாலும் விடிந்ததும் பெட்டியை மறுபடி திறந்துவிட்டாள்.

முதல் கல்லைத் தூக்கிக் காட்டினாள். சொரசொரவென்று சாம்பல் நிறம்.

"இதுங்களா?"

"லேது."

இரண்டாவது கல்லில் மிஷின் ஆயில் வாடை அடித்தது. அதற்கும் லேது. மூன்றாவது உள்ளங்கை நீளம்தான். மேல்பாதி பால்கோவா மஞ்சள், அடிப்பாதி கருநீலம். தடவினால் சோப்பு மாதிரி வழுக்கியது. இதில் எதைத் தீட்டுவது என்று அவள் ஓரமாக வைக்கப்போனாள்.

"லேது… லேது."

அதே சொல்தான். குரல்தான் உடைந்துபோயிருந்தது. கண்ணீர் தாடிக்குள் இறங்கியது.

அப்போதுதான் நினைவு வந்தது. பெங்களூர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய சாமான் குவியலிலிருந்து இதைப் பொறுக்கிக்கொண்டு வந்து சமையற்கட்டு வாசலில் நின்றார். "வெளிநாட்டுல ஏதோ மலைக்குள்ள தோண்டி எடுக்கற கல்லு, ஜோதி. நூறு வருசமாச்சும் இருக்கும். பாரேன்." அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. இந்த வீட்டில் இருபது வருஷம் இருந்த கல்லை இன்றைக்குத்தான் கையில் எடுக்கிறாள்.

தேங்காய் எண்ணெயைச் சாய்க்கப்போனவளின் கையை அவர் பிடித்துக்கொண்டார். தம்ளரில் விரலை நனைத்து, மஞ்சள் பக்கத்தில் சொட்டினார். தண்ணீர்தான். கத்தியைப் படுக்கவைத்து, முதுகும் வாயும் கல்லில் பதிய, வாய் முன்னால் போகும்படி தள்ளி, முதுகிலேயே புரட்டித் திரும்ப இழுத்தாள். பார்த்துக் கற்றதில்லை. தினமும் காலையில் அடுப்படியில் நின்று கேட்ட சத்தத்தைத்தான் கைக்குக் கொண்டுவந்தாள். ராமப்பன் கண்ணை மூடிக் கேட்டார். சத்தம் கரகரத்தால் புருவம் சுருங்கியது. அவள் அழுத்தத்தைக் குறைத்தாள். கல்லின்மேல் தண்ணீர் பால்போல் வெளுத்தது. அவருடைய தோல் பெல்ட்டில் பத்து இழுப்பு இழுத்துவிட்டு முழங்கையில் வைத்துப் பார்த்தபோது பூனைமுடி உதிர்ந்தது.

சோப்பு நுரைக்கு அடியிலிருந்து முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. கன்னம் இவ்வளவு ஒட்டிப்போயிருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. தொண்டைக்கு வந்தபோது கத்தியை நிறுத்தினாள். அவர் தலையைத் தானாகவே பின்னால் சாய்த்துக் கொடுத்தார். ஒரு கீறல்கூட விழவில்லை.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து வந்தாள். அவர் அதைத் தள்ளிவிட்டுக் கதவைக் காட்டினார். கதவுக்குப் பின்னால், ஆணியில், நான்கு மாதமாக யூனிபார்ம் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

டிரிம்மரைத் தட்டிவிட்டதும் பெட்டியைக் காட்டியதும் எதற்கென்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. போட்டோவுக்கு இல்லை.

"டூட்டிக்கு இல்லிங்க," என்றாள். "கிருஷ்ணகிரிக்கிப் போறம்."

அவர் மழித்த தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். யூனிபார்ம் சட்டையை எடுத்து உதறி, வராத கையை முதலில் நுழைத்து, ஒவ்வொரு பித்தானாகப் போட்டாள். கழுத்துப்பட்டி தொளதொளவென்று நின்றது.

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ராமப்பன் இடது காலைத் தரையில் ஊன்றி எழப் பார்த்தார். ஜோதிமணி அவர் அக்குளுக்குள் தோளைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். முழுப் பாரமும் அவள்மேல் இறங்கியது. பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு கியர் மாற்றி, மெயின் ரோட்டில் ஏறிச் சத்தம் தேயும்வரை, இருவரும் வாசலைப் பார்த்தபடி நின்றார்கள்.