அப்பாவின் ரூட்டர்

கேக்கின் மேல் கிரீமைப் பூப்பூவாகப் பிழிந்துகொண்டிருந்தபோது சுண்டுவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கை இரண்டும் பிசுபிசு. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"உங்க அப்பாவோட பேஸ்மேக்கர் தகவல் நேத்துலேருந்து எங்களுக்கு வரலைங்க. அவருக்குப் போன் போட்டாலும் போகல. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?" என்றார் நர்ஸ்.

"வரலைன்னா என்னங்க அர்த்தம்?"

"பெரும்பாலும் இன்டர்நெட் கோளாறுதான். இருந்தாலும் நேர்ல ஒரு தடவை பாத்துட்டா நல்லது."

அந்த 'இருந்தாலும்' சுண்டுவுக்குப் போதும். பேக்கரி முதலாளியம்மாவிடம் அரைகுறையாக எதையோ சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அம்மா போனபிறகு தனிக்கட்டை. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தபோது கட்டிலோரம் வைக்க ஒரு சின்னப் பெட்டியும் கொடுத்தார்கள். அவருடைய இதயம் எப்படி ஓடுகிறது என்பதை அந்தப் பெட்டி வாங்கி, வீட்டு வைஃபை வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். வீடோ உயரமான கட்டிடங்களுக்கு நடுவே தரைத்தளத்தில். மொபைல் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. அப்பா போன் பேசுவதும் அதே வைஃபையில்தான். அது நின்றால் பெட்டியும் ஊமை, போனும் ஊமை. சுண்டுவுக்கு இது தெரியாதா என்ன? வைஃபையை அமைத்துக் கொடுத்ததே அவள்தான். ஆனால் பயம் வந்துவிட்டால் தெரிந்தது எதுவும் கைகொடுப்பதில்லை. ஒவ்வொரு டிராஃபிக் சிக்னலிலும் அப்பாவுக்குப் போன் போட்டாள்; போகவில்லை. கண்டதையும் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மணி அடித்தாள். பதில் இல்லை. கதவைத் தட்டினாள். பிறகு இரண்டு கையாலும் மொத்தினாள். உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. தாழ்ப்பாள் விலகியது.

"என்னம்மா, கதவைப் பேத்துடுவே போலிருக்கே!"

ஒரு கன்னம் மழமழப்பு, மறு கன்னத்தில் சோப்பு நுரை. கையில் ரேசரோடு முழுசாக நின்றார் அப்பா.

சுண்டு அப்படியே செருப்பு ஸ்டாண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏம்ப்பா போனை எடுக்கல?"

"அடிச்சாத்தானே எடுக்க? நானே உன்னைக் கூப்பிட்டுப் பாத்தேன், போகவே இல்ல. கம்பெனிக்காரன் சரி பண்ணுவான்னு விட்டுட்டேன்."

"ரூட்டர் எங்கப்பா?" மேசைமேல் அந்த வைஃபை கருவி இருந்த இடம் காலியாக இருந்தது.

"பீரோவுல."

"பீரோவுலயா!"

"படுத்தா அந்தப் பச்சை லைட்டு கண்ணுலயே குத்துதும்மா. அதான் உள்ள வெச்சு, ஒயருக்கு மட்டும் இடம் விட்டுக் கதவைச் சாத்திட்டேன்."

இரும்பு பீரோ. சேலைகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவே ரூட்டர் சமர்த்தாகப் படுத்திருந்தது. சுண்டுவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"இதுவும் ரேடியோ மாதிரிதான்பா. அலை வெளிய வரணும். இரும்புக்குள்ள வெச்சா வாயைப் பொத்தின மாதிரி."

எடுத்து மேசைமேல் வைத்தாள். அப்போதும் கட்டிலோரப் பெட்டியில் சிவப்பு விளக்கே எரிந்தது. அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். "வேற ஏதாவது பண்ணீங்களா?"

"பெருசா ஒண்ணுமில்ல. படம் பாதியில நின்னுடுச்சு. பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருந்துச்சா, குண்டூசியால குத்திப் பாத்தேன்."

குத்திய குத்தில் ரூட்டர் கடையிலிருந்து வந்த நாளைப்போல எல்லாவற்றையும் மறந்திருந்தது. அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் போட்டு, சுண்டு தன் போனில் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். வைஃபைக்குப் பழைய பெயரையே வைத்தாள். பாஸ்வேர்டும் பழையதே.

"புதுசா வெச்சா என்னம்மா?"

"பேரும் பாஸ்வேர்டும் மாறலன்னா, பெட்டியும் போனும் நம்ம ஆளுதான்னு தானா வந்து ஒட்டிக்கும்பா. இல்லன்னா ஒவ்வொண்ணுக்கா சொல்லிக்குடுக்கணும்."

ரூட்டர் இரண்டு விதமாக அலை விடும். ஒன்று வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். மற்றது மெதுவானது, சுவரைத் தாண்டியும் போகும். ஆஸ்பத்திரிப் பெட்டிக்கு மெதுவானது மட்டும்தான் புரியும். அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டாள். அப்படியே கீழே போனால், விளக்கை மட்டும் அணைக்கவும் ஒரு வசதி. அழுத்தினாள். பச்சை மறைந்தது.

"அட, இதை மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"நீங்க மொதல்லயே கேக்கக்கூடாதா?"

பெட்டியில் சிவப்பு போய் நீலம் வந்தது. அப்பாவின் போன் திடீரென்று விழித்துக்கொண்டு, விட்டுப்போன அழைப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டியது. சுண்டு, ஆஸ்பத்திரி, சுண்டு, சுண்டு, மறுபடியும் சுண்டு. அப்பா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகத்தில் இருந்த விளையாட்டு வடிந்துவிட்டது.

"ரொம்ப பயந்துட்டியாம்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் நர்ஸ் அழைத்தார். "வந்துருச்சுங்க! நேத்து விட்டுப்போனதும் சேந்தே வந்துருச்சு. டாக்டரும் பாத்துட்டாங்க. அப்பா நல்லா இருக்காரு."

சுண்டு நன்றி சொன்னாள். ஒரு தடவை சொன்னது போதாமல் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு முதலாளியம்மாவுக்குப் போன் போட்டு, "ஒண்ணுமில்லக்கா, அப்பா நல்லா இருக்காரு" என்றாள். சொல்லும்போதே புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா போனை மெல்ல வாங்கி, "அவ இன்னிக்கு இங்கயே சாப்பிட்டுட்டு வருவாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.