ஒரு கணினிக்கு இரண்டு வாசல்

என் அலுவலகத்தில் கணினி மக்கர் பண்ணினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு, நான் போய்ச் சேர்வதற்குள் அதை அணைத்துத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். சரியாகிவிட்டால் அப்பாடா என்று மூச்சு விடுவார்கள். கணினி சரியானதற்காக இல்லை, நான் வர வேண்டியதில்லை என்பதற்காக. எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே குடியிருக்கிறது. சட்டென்று பொரிந்துவிடுகிறேன் என்று அக்காவின் கணவர் எனக்குக் கடுகு என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்த மாமா மொழிபெயர்ப்பாளர். துணி துவைக்கும் இயந்திரமோ ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோ வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் ஒரு கையேடு இருக்குமே, யாரும் பிரித்துப் பார்க்காமல் தூக்கிப் போடுவது, அதைத் தமிழில் எழுதுகிறவர். "என்னை நம்பித்தான் ஊரே துணி துவைக்குது" என்று பெருமையடித்துக்கொள்வார். போன வருடம் கண் நரம்பு கெட்டுப்போனது. முதலில் பார்வையின் ஓரங்கள் போயின, பிறகு நடுவும் போனது. இனி திரும்பாது என்று மருத்துவர் நேராகவே சொல்லிவிட்டார். மாமா சில மாதங்கள் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார். எந்தப் பக்கம் சுவர் என்று தெரியாமலே சுவரைப் பார்க்கிறார் என்று நானும் அக்காவும் சமையலறையில் அழுதோம்.

ஒருநாள் அவரே எழுந்து, குச்சியைத் தட்டிக்கொண்டு, பார்வையில்லாதவர்களுக்கான பயிற்சி மையத்துக்குப் போனார். அங்கே கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வைத்திருந்தார்கள். திரையில் என்ன இருந்தாலும் அதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்று அதில் உண்டு. மாமாவின் விரல்களுக்கு அதன் விசைகளெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டன. பழைய மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்கு அவரே போன் போட்டுப் பேசினார். அவர்கள் மாதிரிக்கு ஒரு சின்னக் கையேடு அனுப்புவதாகச் சொன்னார்கள். அதைச் சரியாகச் செய்து கொடுத்தால் மறுபடியும் வேலை வரும்.

ஆனால் மாமா ஒரு நிபந்தனை போட்டார், அதுவும் நிறுவனம் போட்டதில்லை, இவரே போட்டது. திறப்பதிலிருந்து அனுப்புவது வரைக்கும் தானே தனியாகச் செய்ய முடிந்தால்தான் எடுத்துக்கொள்வாராம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து உதவித்தான் ஆகவேண்டும் என்றால் வேண்டவே வேண்டாமாம். மாமா ஒன்று சொல்லிவிட்டால் நாம் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

வீட்டில் இருப்பதோ ஒரே கணினி, அதுவும் அக்காவினுடையது. அவள் வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடங்கள் போட்டுக் கொடுக்கிறாள். அந்த வரையும் மென்பொருள் அவளுடைய பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதிலேயே ஒரு பேசும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம், கணினி அப்படியே தொங்கி நின்றுவிட்டது. அதனால் ஒரே பெட்டிக்குள் இரண்டையும் வைப்பது என்று முடிவு செய்தேன். ஹார்ட் டிஸ்க்கைப் பங்கு பிரித்து, ஒரு பக்கம் அக்காவின் விண்டோஸ், மறுபக்கம் மாமாவின் லினக்ஸ். போட்டவுடன் திரையில் ஒரு மெனு வந்து யாருடையது வேண்டும் என்று கேட்கும். ஒரு வீட்டுக்கு இரண்டு வாசல் மாதிரி.

அக்காவுக்குப் பங்கு பிரிப்பது என்ற வார்த்தையே பிடிக்கவில்லை. அவளுடைய வரைபடம் ஒன்று காணாமல் போனாலும் என்னை வீட்டுக்குள் விடமாட்டேன் என்றாள். எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்தேன். எடுத்ததைத் திறந்து காட்டு என்றாள், காட்டினேன். அதற்கு இன்னொரு நகல் எடு என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். விண்டோஸின் பங்கைச் சுருக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தியபோது, இதையே தொழிலாகச் செய்கிற நானும் வெளி டிஸ்க்கை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அக்கா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா சோபாவில் சாய்ந்தபடி, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது என்றார்.

எதுவும் போகவில்லை. பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றினேன். திரும்பப் போட்டதும் மெனு அழகாக வந்தது. விண்டோஸுக்குள் போனபோது மட்டும் அக்காவின் கடிகாரம் சில மணி நேரம் தள்ளிக் காட்டியது. வீடே இடிந்த மாதிரி ஒரு சத்தம் போட்டாள். இரண்டு சிஸ்டமும் நேரத்தை வேறு வேறு விதமாகக் கணக்கு வைத்துக்கொள்ளும், ஒரு வரி அடித்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அதையும் சரி செய்தேன். பத்து விநாடிக்குள் யாரும் எதையும் தொடவில்லை என்றால் அக்காவின் விண்டோஸ் தானாகவே திறக்கும்படி வைத்தேன். கணினி அவளுடையது, நியாயம்தானே என்று நினைத்தேன்.

பிறகு மாமாவை உட்கார வைத்தோம். பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்து அழுத்தினார். விசிறி சுழலும் சத்தம் கேட்டது. மெனு வந்து நின்றது. மாமா கீபோர்டில் விரல்களை வைத்தபடி, தலையை லேசாகச் சாய்த்துக் காத்திருந்தார்.

"வந்துடுச்சா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேசும் மென்பொருள் லினக்ஸுக்குள் இருக்கிறது. மெனுவோ அதற்கு வெளியே, வாசலில் இருக்கிறது. அது வாயே திறக்காது. கண் இருக்கிறவள் செய்கிற தப்பு இது. வந்தாச்சு மாமா, மேல் அம்பை ஒரு தடவை அழுத்துங்க என்று நான் அவசரமாகச் சொல்வதற்குள் பத்து விநாடி ஓடிப்போய் அக்காவின் விண்டோஸ் திறந்துகொண்டது.

இன்னொரு முறை பார்க்கலாம் என்றேன். மாமா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"கண்ணு போனதுகூடப் பழகிடுச்சு கடுகு. லிஃப்ட் வந்துடுச்சா, பஸ் வந்துடுச்சா, டீ வந்துடுச்சான்னு ஒவ்வொண்ணுக்கும் யார்கிட்டயாவது கேட்டுட்டு நிக்கறதுதான் பழகவே மாட்டேங்குது. இங்கயும் வந்து கேக்கணுமா?"

அழ வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். கணினியைக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டு அமைப்பை மாற்றினேன். யாரும் தொடாவிட்டால் இனி மாமாவின் லினக்ஸ் திறக்கும். அவர் பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா இருந்தாலே போதும். மாமா அழுத்தினார், காத்திருந்தார், ஜலதோஷம் பிடித்த ஆள் மாதிரி ஒரு குரல் ஸ்பீக்கரில் வணக்கம் சொன்னது. மூன்று பேரும் சிரித்தோம். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறையாக வீட்டுக்குப் போனேன்.

வாரத்தின் நடுவில் மாமா போன் செய்தார். மாதிரிக் கையேடு வெள்ளிக்கிழமை வருகிறதாம், வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறாராம். ஏன் என்று கேட்டால் சும்மாதான் என்றார். சும்மா என்று மாமா சொன்னால் உள்ளே ஒரு மலை இருக்கிறது என்று அர்த்தம். அலுவலகத்திலிருந்து நேரே அங்கே போய் நின்றேன்.

அக்காதான் குட்டை உடைத்தாள். அன்று காலையில் ஒரு வரைபடத்தை அவசரமாக அனுப்ப வேண்டியிருந்தது. கணினியைப் போட்டுவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள். திரும்பி வருவதற்குள் லினக்ஸ் திறந்திருந்தது. மூடிவிட்டுத் திரும்பப் போட்டாள். வாசலில் மணி அடித்தது, போய்ப் பார்த்துவிட்டு வந்தால் மறுபடியும் லினக்ஸ். அந்த எரிச்சலில் மவுஸை மேசையில் கொஞ்சம் ஓங்கி வைத்திருக்கிறாள்.

"நான் அவரை ஒரு வார்த்தை சொல்லலடி. மவுஸைத்தான் வச்சேன்" என்றாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

மாமாவுக்கு அந்த ஓசை போதும். தன்னால் அவள் வேலை கெடுகிறது என்று அவராகவே தீர்ப்பு எழுதிவிட்டார். நான் பொரிந்து தள்ளினேன். ஒருத்தர் வாயைத் திறந்து கேட்கமாட்டார், இன்னொருத்தி வாயைத் திறந்து சொல்லமாட்டாள், நடுவில் அந்த மவுஸ்தான் உங்கள் இருவருக்கும் தூது போகவேண்டுமா என்று கேட்டேன். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கேட்டிருக்கும். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மாமா மெல்லப் பேசினார்.

"அந்த மெனு எங்கிட்டப் பேசணும்னுகூட இல்ல. யாராவது வந்தா வாசல்ல பெல் அடிக்குதில்ல? அந்த மாதிரி ஒரு சத்தம் வந்தாப் போதும். மிச்சத்தை நான் பாத்துக்குவேன்."

இத்தனை வருடமாக இதே வேலையைச் செய்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லை. மெனுவின் அமைப்புக் கோப்பைத் திறந்து வரி வரியாகத் தேடினேன். இருந்தது. மெனு வரும்போது ஒரு சின்ன ராகத்தை ஒலிக்கச் சொல்லும் வரி, நான் இதுவரை திரும்பிக்கூடப் பார்க்காத வரி. இன்னொரு வரியில், யாராவது விசையை அழுத்தும்வரை எவ்வளவு நேரமானாலும் காத்திரு என்று சொல்லலாம். மெனுவில் லினக்ஸ் முதல் வரியில் இருப்பதால் மாமாவுக்கு என்டரை ஒருமுறை தட்டினால் போதும். அக்கா பார்த்து, கீழே ஒரு வரி இறங்கிக்கொள்வாள். தானாக யார் வீட்டுக்குள்ளும் போகாது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு நிதானமாகவே வரலாம்.

எழுதிச் சேமித்துவிட்டுப் போட்டேன். மெனு வந்தது, சத்தம் வரவில்லை.

பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். இந்தச் சத்தம் மேசை மேலிருக்கும் ஸ்பீக்கரில் வராது. மதர்போர்டில் சொருகும் சுண்டுவிரல் நுனியளவு ஒரு பஸ்ஸர்தான் ஒலிக்கும். அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஊசிகள் மட்டும் நின்றன. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் கணினி பழுது பார்க்கும் கடைகளில் ஏறி இறங்கினேன். கடைசியில் ஒருவர், இதையெல்லாம் இப்போது யார் கேட்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே, உடைந்த ஒரு பழைய கணினியிலிருந்து பிடுங்கிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அதைச் சொருகினேன். பொத்தானை அழுத்தியதும் பெட்டி ஒருமுறை கீச்சென்றது. அது விழித்துக்கொண்டதற்கான அடையாளம். கொஞ்சம் பொறுத்து மெனுவின் ஒலி வந்தது, காது கிழியும் ஒற்றை ஊளை. ராகத்தை நானே போடுகிறேன் என்று மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எண்களை அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன், ஒவ்வொரு எண்ணும் ஒரு சுரம். கூட்டச் சொன்னார், குறைக்கச் சொன்னார், அந்தக் கடைசி சுரம் மூக்கால் அழுகிறது என்றார். கடைசியில், மேலே ஏறும் மூன்று சுரங்களில் திருப்தியானார். ஏதோ பெரிய ஓட்டலில் ரூமுக்குக் காபி வந்த மாதிரி இருக்கிறது என்று அக்கா சொன்னாள். அந்த வாரத்தில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய போனை மாமா போடவில்லை.

வெள்ளிக்கிழமை நான் விடுப்பு போட்டுவிட்டு அங்கே போயிருந்தேன். காரணம் எதுவும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மாமா சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, ஆபீசுக்குக் கிளம்புகிறவர் மாதிரி உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் அக்காவும் சமையலறையில் நின்றோம். பெட்டி கீச்சென்றது. அக்கா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பிறகு மூன்று சுரங்கள் ஏறி ஓய்ந்தன.

அதன் பிறகு ஒன்றுமில்லை. மெனு காத்துக்கொண்டிருந்தது, நாங்களும் காத்துக்கொண்டிருந்தோம். அக்கா ஒரு அடி எடுத்து வைத்தாள், நான் அவள் கையை எட்டிப் பிடித்தேன். உள்ளே ஒரு விசை தட்டும் ஓசை கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து ஜலதோஷக்காரர் வணக்கம் சொன்னார். அதன் பின் கீபோர்டு மழை மாதிரி பெய்ய ஆரம்பித்தது. பழைய மாமாவின் வேகம் அது.

எப்போது போனோம் என்று தெரியவில்லை, இரண்டு பேரும் சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் போய் நின்றிருந்தோம். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். உள்ளே அந்தக் குரல் ஏதோ ஒரு மிக்ஸியை எப்படிக் கழுவுவது என்று படித்தது, மாமா திருத்தினார், மறுபடி படித்தது. நேரம் போனதே தெரியவில்லை. சட்டென்று தட்டும் சத்தம் நின்றது. பிறகு கொஞ்சமாகத் தட்டினார், மீண்டும் நின்றது.

என் கையில் போன் அதிர்ந்தது. மாமாவிடமிருந்து மின்னஞ்சல். கண் போனபிறகு அவர் எனக்கு அனுப்பிய முதல் மின்னஞ்சல். அக்காவும் சேர்ந்து பார்க்கும்படி போனைப் பிடித்தேன்.

"மாதிரியை அனுப்பியாச்சு. உங்க ரெண்டு பேர் மூச்சும் கதவுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேக்குது. போய் வேலையைப் பாருங்க."

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கதவைத் திறக்காமலே, அழுதுகொண்டே, சரிங்க என்றாள்.