உப்புத்தாள் போட்ட கதவு

தாழ்ப்பாள் கேட்டோம், உப்புத்தாள் வந்தது. வீட்டுக்காரர் மகன் சிட்டிபாபு, கேட்காமலே அதைச் சுருட்டிக்கொண்டு எங்கள் மாடி போர்ஷனுக்கு ஏறி வந்தான். அன்று எனக்கு வார லீவு; தங்கை இன்னும் டியூட்டியிலிருந்து திரும்பவில்லை.

உட்பக்கத் தாழ்ப்பாள் நாங்கள் குடிவந்தபோதே உடைந்திருந்தது. இத்தனை நாள் எங்களைக் காப்பாற்றியது கதவின் முரண்டுதான். மழைக்கு ஊதிப்போன மரம். தோள் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும், திறந்தால் தெருவுக்கே கேட்கும். என் தங்கை சந்தியா ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்துப் பகலெல்லாம் தூங்குகிறவள். நான் பட்டுக்கடைக்குப் போய்விடுவேன். வெளியே பூட்டிவிட்டுப் போக மனம் வராது. தீ கீ பிடித்தால் என்ன செய்வாள்? கீழே ஓடும் தறிச் சத்தத்தில் நன்றாகத் தூங்குவாள், ஆனால் கதவு முனகினால் எழுந்துவிடுவாள். அந்தத் தைரியத்தில்தான் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"தாழ்ப்பாள்தானே கேட்டோம்?" என்றேன்.

"அது ஆவட்டும் கலைவாணிக்கா. மொதல்ல சத்தம் போவணும். சந்தியா தூங்கிக்கினு இருக்கும்போது தொந்தரவா இருக்குது இல்ல?"

அவள் தூங்குவது இவனுக்கு எதற்கு? எனக்குச் சுருக்கென்றது.

தாளைக் கட்டையில் சுற்றிக் கதவின் விளிம்பைத் தேய்த்தான். முதலில் முரட்டுத் தாள், பிறகு நைஸ் தாள். வீட்டில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாதவன் வியர்க்க வியர்க்கத் தேய்த்தான். மூடுவான், காதை வைத்துக் கேட்பான், லேசாக உரசினாலும் மறுபடி தேய்ப்பான். கடைசியில் விளிம்பில் மெழுகுவத்தியைப் பூசிக் கீலுக்கு எண்ணெய் விட்டான். ஒற்றை விரலால் தள்ளினான். கதவு மூச்சு விடாமல் திறந்தது.

"பாத்தீங்களாக்கா, இனிமே யாரு வந்தாலும் சந்தியாவுக்குத் தூக்கம் கெடாது" என்று சிரித்தான்.

என்ன சொல்லித் திட்டுவது? அவன் வீடு, அவன் கதவு.

சந்தியா டியூட்டி முடிந்து வந்து படுத்ததும் ஹார்டுவேர் கடைக்கு ஓடினேன். தாழ்ப்பாளும் ஸ்க்ரூவும் வாங்கித் திரும்ப அதிக நேரம் ஆகவில்லை. சாத்திவிட்டுப் போன கதவு சாத்தியபடியே இருந்தது. அப்பாடா என்று உள்ளே போனேன்.

சந்தியா கண்ணைத் திறக்காமலே பேசினாள். "தேங்க்ஸ்க்கா. கொசு புடுங்கிக்கினு இருந்துச்சு. நீ வந்து போர்த்துன பிறகுதான் தூக்கம் வந்துது."

போர்வை அவள் கழுத்துவரை இழுத்துச் செருகியிருந்தது. போர்த்தியது நானில்லை.

வாங்கி வந்ததைத் தரையில் போட்டுவிட்டு அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "எழுந்திருடி. துணியை எடு. இங்க இனிமே தூங்க வாணாம்."