சாத்தாத கதவு

மதிய இடைவேளை. கட்டடத்தின் உச்சியில், லிஃப்டின் மோட்டார் அறையில், கவிழ்த்துப்போட்ட கருவிப் பெட்டியின் மேல் மடிக்கணினி. எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள் அக்கா. லிஃப்ட் மெக்கானிக். நகக்கண்களில் கிரீஸ். காதில் தங்கையின் குரல்.

"வேணாம்க்கா. விட்டுடு."

தங்கை வேறு ஊரில் இருந்தாள். மூன்று மாதத்துக்கு முன் உடைந்த ஜன்னல் கண்ணாடி அவள் வலது கையைக் கிழித்தது. நரம்பைத் தைத்தார்கள். ஆள்காட்டி விரல் மடங்கத் தொடங்கியது. நுனியில் உணர்ச்சி மட்டும் வரவில்லை. போன வாரம் கைப் பயிற்சிக்கு மருத்துவமனை போவதை நிறுத்திவிட்டாள்.

நான்கு வருடமாக இருவரும் ஒரு கணினி விளையாட்டில் ஊர் ஒன்றைக் கட்டிவந்தார்கள். அதன் கோபுர அறைச் சுவரில் அக்கா ஒரு நீல ஓடு பதித்தாள். அதைத் தொட்டால் அவள் எழுதிவைத்த கட்டளைப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி ஊர் முழுக்க விளக்கேற்ற வேண்டும். தங்கை வலது விரலால் திரையில் தொடுவாள். எரிந்தால் மறுபடி பயிற்சிக்குப் போவாள். அதுதான் பேச்சு.

எரியவில்லை.

"நீ தொட்டா எரியுது, நான் தொட்டா எரியல. இதுல ஆராய்ச்சி வேற. விரல் செத்துப்போச்சுக்கா."

"வாயைக் கழுவுடி."

இடது கையால் தொட்டுப் பார் என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. எரிந்துவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது.

விளையாட்டில் தனக்கான பொம்மையைக் கோபுரத்துக்கு நடத்தினாள். உள்ளே போய், கதவைச் சாத்தி, நீல ஓட்டைத் தொட்டாள். எரிந்தது. அணைத்தாள். மறுபடி. எரிந்தது. ஐந்தாவது முறையும் எரிந்ததும் எரிச்சல் வந்தது. விளையாட்டு தானே எழுதிவைக்கும் பதிவைத் திறந்து, மேலே தள்ளிக்கொண்டே போனாள். கை நின்றது.

"நீ எத்தனை தடவை தொட்ட?"

"நாலு. ஏன், குத்திக் காட்டவா?"

"கேளு. 'குண்டூசி நீல ஓட்டைத் தொட்டார். முதல் பெட்டி: நிபந்தனை பொருந்தவில்லை. நிறுத்தம்.' நாலு தடவை இருக்கு." விளையாட்டில் தங்கையின் பெயர் குண்டூசி. "உன் விரல் நாலு தடவையும் ஒழுங்கா தொட்டிருக்குடி. மக்கர் பண்றது என் பெட்டி."



"சும்மா சொல்லாத."

"படம் எடுத்து அனுப்பியிருக்கேன், பாரு."

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அக்கா முதல் பெட்டியைத் திறந்தாள். கதவு மூடியிருந்தால் மட்டும் அடுத்தது ஓடு. அவளே எழுதியதுதான். பதினோரு வருடத்தில் திறந்த கதவோடு ஒரு லிஃப்டையும் அவள் நகரவிட்டதில்லை. புத்தியைக் கேட்காமல் கை எழுதியிருந்தது.

"உள்ள வந்ததும் கதவைச் சாத்தினியா?"

"நான் என்னைக்குக்கா கதவைச் சாத்தியிருக்கேன்?"

பீரோ, ஃபிரிட்ஜ், குளியலறை. அம்மா இருபது வருடம் கத்தி ஓய்ந்த விஷயம். அக்கா சிரித்த சிரிப்பில் அறை அதிர்ந்தது.

"விளக்கு எரியக் கதவு எதுக்கு? லிஃப்ட்டுன்னு நினைச்சியா?"

"யோசிச்சிருந்தா எழுதியிருக்கவே மாட்டேன்."

"சரி, சாத்திட்டுத் தொடவா?"

"வேணாம்." அந்த வரியை அழித்தாள். "தெறந்தே கெடக்கட்டும். தொடு."

குண்டூசி கோபுரத்துக்குள் வந்தது. பின்னால் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. ஒரு நொடி. இரண்டு.

பாலத்தில் ஒரு விளக்கு எரிந்தது. பிறகு கடைவீதி. பிறகு தெருத்தெருவாக, ஆற்றங்கரை வரை.

கீழே யாரோ லிஃப்ட் கதவைத் தட்டினார்கள்.

"அக்கா, அணைச்சு வை. இன்னொரு தடவை தொடறேன்."

அணைத்தாள். எரிந்தது. இன்னொரு தடவை என்றாள் தங்கை. எரிந்தது.

"பயிற்சி எத்தனை மணிக்குடி?"

"ரெண்டுக்கு. இப்ப கெளம்பினா போயிடலாம்."

"போறப்ப வீட்டுக் கதவையாவது சாத்திட்டுப் போ."