ஸ்டேபிள் என்ற சொல்

ஏணியிலிருந்து தவறி விழுந்த எலக்ட்ரீஷியன் ஒன்பது நாட்களாகக் கண் திறக்கவில்லை. தினமும் காலையில் ஐ.சி.யூ. கதவு பாதி திறக்கும். டாக்டர் தலையை மட்டும் நீட்டி, "ஸ்டேபிள்" என்பார். கதவு மூடிக்கொள்ளும்.

அவருடைய மனைவி தையல்காரி. அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வெளியூரில் படிக்கும் மகளிடம் போனில், "அப்பா ஸ்டேபிளா இருக்காராம்டி. பரீட்சைய முடிச்சிட்டு வா, போதும்" என்றாள்.

பத்தாம் நாள் ஒரு புதுச் சட்டையோடு வந்து மூத்த நர்ஸிடம் நீட்டினாள். "கட்டு மேலயே போட்டுக்கலாம் சிஸ்டர், தொளதொளன்னுதான் தைச்சிருக்கேன். என்னைக்கு வீட்டுக்கு அனுப்புவீங்க?"

நர்ஸ் திகைத்தாள். "வீட்டுக்குன்னு யார் சொன்னாங்க?"

"தினம் ஸ்டேபிள்னு சொல்றாங்களே. தேறிக்கிட்டு வர்றாருன்னுதானே?"

நர்ஸ் அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள்.

"அதுக்கு அர்த்தம் அது இல்லக்கா. 'நிக்கிறது'ன்னு சொல்ற ஒரு பழைய லத்தீன் வார்த்தையிலேர்ந்து வந்ததுன்னு எங்க டீச்சர் சொல்லுவாங்க. ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல, நின்ன இடத்துலயே நிக்குது. தேறினவங்களுக்கும் சொல்லுவோம். ரொம்ப மோசமா இருக்கறவங்களுக்கும் சொல்லுவோம்."

"இவரு எங்க நிக்கிறாரு?"

நர்ஸ் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

"இங்கிலீஷ் வேணாம் டாக்டர்" என்றாள் தையல்காரி. "அவர் கண்ணத் திறப்பாரா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மாட்டாரும்மா. மூச்சு மிஷினோடதுதான். இன்னும் ரெண்டு மூணு நாள். நான் முன்னாடியே விளக்கிச் சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது."

தையல்காரி வராந்தாவுக்கு வந்து மகளைப் போனில் அழைத்தாள். "பரீட்சை கிடக்கட்டும். உடனே கிளம்பு."

"ஸ்டேபிள்னு சொன்னியேம்மா!"

"அர்த்தம் தெரியாமலே சொல்லிட்டேன்டி."

மறுநாள் மதியம் மகள் வந்துவிட்டாள். அப்பாவின் காய்ப்பேறிய விரல்களைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கக்கூட எழாமல் பேசினாள். ஹாஸ்டல் ஃபேனைத் தானே கழற்றி மாட்டியதை, வார்டன் மெச்சியதை, அப்பாவிடம் சொல்லாமல் மறைத்த காய்ச்சலை. தாய் கட்டிலின் மறுபக்கம் நின்று, இத்தனை நாளும் அழாத அழுகையை அழுதாள்.

மகள் வந்த மூன்றாம் நாள் விடியும்போது அவர் போய்விட்டார்.

"நான் ஒன்பது நாள வீணாக்கிட்டேன்" என்றாள் தாய்.

மகள் அவள் தோளில் சாய்ந்தாள். "ஒன்றரை நாள் கிடைச்சுதேம்மா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."