கண்ணாடியில் சந்தனம்

உலையின் திரையில் ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது டிகிரி என்று காட்டியது. மாசிலாமணிக்கு அது பொய்யென்று பட்டது. தில்லி ஆய்வுக்கூடத்து உலைகளோடு பதினெட்டு வருஷமாக மாரடிக்கிற மனுஷன். உலைச் சுவரில் இருக்கும் துளையின் கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தாலே நிறம் சூட்டைச் சொல்லிவிடும். இது அதற்கும் மேலே எங்கோ போய்விட்ட வெள்ளை.

உள்ளே ஒரு பீங்கான் வில்லை, ஒரு ரூபாய் நாணயம் அகலம்தான். விஞ்ஞானி பூங்கோதை எட்டு மாதம் பாடுபட்டுச் செய்தது; வேறு கிடையாது. ஆயிரத்து அறுநூற்றில் அது எப்படித் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். இன்னும் ஐம்பது டிகிரி கூடினால் உருகிவிடும். அந்தச் சூட்டில் எதை விட்டுத் தொட்டு அளப்பது? அதனால்தான் பைரோமீட்டர். அதற்கென்றே உள்ள சின்னக் கண்ணாடிச் சாளரம் வழியே வரும் ஒளியை வைத்தே சூட்டைக் கணித்துவிடும்.

சாளரம் என்றதும் அவருக்குச் சந்தனம் ஞாபகம் வந்தது. நேற்று ஆயுத பூஜை. மலை மந்திர் முருகன் கோயில் சந்தனத்தை எல்லாக் கருவிக்கும் வைத்தவர், பக்தி முற்றி அந்தக் கண்ணாடிக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார். காலையில் கைக்குட்டையால் துடைத்தார்தான். சந்தனம் அவ்வளவு லேசில் போகிற பண்டமா? ஒட்டியிருந்த மிச்சம் ஒளியை மறைக்க, கருவி குறைத்துச் சொல்கிறது. பெரிய அதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிய பூஜை வேறு. சொன்னால் மானம் போகும்; சொல்லாவிட்டால் வில்லை போகும்.

பூங்கோதை மின்சாரத்தைக் கூட்டக் கை நீட்டினாள்.

"மேடம், கூட்டாதீங்க! அந்தக் கண்ணாடியில நான் சந்தனம் வச்சிட்டேன்."

"சந்தனமா? ஐயோ, என்னண்ணே நீங்க!"

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். எண் துள்ளி ஏறியது. ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்திரண்டு.

அவள் மின்சாரத்தைக் குறைத்துவிட்டுத் துளையில் கண் வைத்தாள். பிறகு நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

அம்மாடி! உள்ளே வில்லையும் இல்லை, சுவரும் இல்லை, தரையும் இல்லை. நிழலென்று ஒரு பொட்டுகூட இல்லாத ஒரே வெளிச்சம். இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றை அவர் கண்டதில்லை. உடம்பு சிலிர்த்தது.

"உருகிடுச்சா மேடம்?"

"எல்லாம் ஒரே சூட்டுல நின்னா ஒண்ணும் தனியாத் தெரியாதுண்ணே. முழுசாவும் இருக்கலாம், உருகியும் இருக்கலாம். ஆறட்டும்."

அவள் குரலில் கோபமில்லை. அதுதான் அவரை வதைத்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. வெளிச்சம் மெல்ல மஞ்சளுக்கு இறங்கிற்று. நட்ட நடுவில், மயிரிழை அளவுக்கு, வளைந்த கோடு ஒன்று தோன்றியது. அது வில்லையின் முழு வட்டமாக மூடப்போகிறதா என்று, இமைக்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்.