நாற்பத்தோரு தையல்

கிருபா டீச்சர் கம்பளத்தைக் கடையில் போட்டபோது விரித்துக் காட்டவில்லை. "ஓரத்துல எலி கடிச்சிருக்கு பாய். அதை மட்டும் பாருங்க. சனிக்கிழமை வர்றேன்" என்று போய்விட்டார். சேலையூர் கேம்ப் ரோட்டில் முப்பது வருஷமாகக் கிழிசலுக்கு இழை ஓட்டுகிறவன் நான். விரிக்காமல் கொடுப்பவர்களை நம்ப மாட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டில் விரித்துப் பார்த்தேன். டீச்சர் முன்பு சொன்னபடி, துருக்மேன் ஆட்கள் கையால் நெய்த கிலிம் என்கிற கம்பளமாம், நூறு வயசாம். டீச்சரின் கணவர் காபூலில் வேலை பார்த்தபோது வாங்கியதாம். ஜமுக்காளம் போலத் தட்டை, மேலே புசுபுசுவென்று நிற்கும் முடி கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சிவப்பை நான் எந்தத் துணியிலும் பார்த்ததில்லை. ஆனால் சிவப்பு முடிந்து நீலம் தொடங்கும் இடமெல்லாம் நகத்தளவு பிளவு.

"பாத்தியா ஷம்சாத்? இத்தனை கிழிசலை மறைச்சு என் தலையில கட்டிட்டுப் போயிருக்கு அந்தம்மா. நாளைக்கு நீதான் கிழிச்சேன்னு சொல்லும்."

"நிக்காஹ் அன்னிக்கே என் பல்லை எண்ணிப் பாத்த ஆளு நீங்க. உங்களுக்கு யாரு மேலதான் நம்பிக்கை?" என்றாள் என் மனைவி.

பழி வருவதற்குள் மூடிவிட வேண்டும் என்று ஊசியை எடுத்தேன். மூன்று நாளில் நாற்பத்தோரு பிளவையும் தைத்தேன். எலி கடித்த இடத்தைத் தொட நேரமில்லை.

சனிக்கிழமை டீச்சர் வந்ததும் பெருமையாக விரித்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன பாய் பண்ணி வச்சிருக்கீங்க?"

"கிழிஞ்சிருந்துச்சும்மா. மூடிட்டேன்."

"கிழியலை பாய். நெசவே அப்படித்தான். சிவப்பு நூல் அதோட கட்டத்துலயே திரும்பிடும், நீலம் அதோட கட்டத்துல. நடுவுல சந்து நிக்கும்."

"எவனாவது ஓட்டை விட்டு நெய்வானாம்மா?"

"பிசிறு இருக்கா, பாருங்க."

குனிந்தேன். கிழிந்த இடத்தில் அறுந்த முனை இருக்கும். இங்கே சிவப்பு நூல், நீளவாக்கில் ஓடும் பாவு நூலைச் சுற்றி ஒழுங்காகத் திரும்பியிருந்தது. முப்பது வருஷம் கிழிசல் பார்த்தவன், இந்த ஒரு தடவை நூலைப் பார்க்கவில்லை. அந்தம்மாவின் திருட்டுத்தனத்தைத் தேடியிருக்கிறேன்.

என் ஊசி பாவு நூலைக் குத்தியிருந்தால், தையலை உருவும்போது அது அறுந்துவிடும். பழைய கம்பளி, சந்து நிஜக் கிழிசலாகிவிடும்.

"எங்க வீட்டுக்காரர் தோள்ல சுமந்துகிட்டு வந்தது" என்றார் டீச்சர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கத்தரிக்கோலால் முதல் தையலை நறுக்கி இழுத்தேன். வந்தது. ஏழாவது சிக்கியது. டீச்சர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். என் கை இழைக்கு நடுவில்தான் போகும், இழையைக் குத்தாது. ஆனால் இந்த வயசில் என் கண்ணை எப்படி நம்புவது? நூலை நனைத்து, மூச்சை அடக்கி, மெல்ல உருவினேன். சுத்தமாக வந்தது.

கடைசித் தையல் வரும்போது மதியம் ஆகிவிட்டது. ஆளுக்கொரு முனை பிடித்து வாசலில் தூக்கிப் பார்த்தோம். ஒவ்வொரு சந்திலும் வெயில். ஓர் இழை தொங்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

"எலி கடிச்சது என்ன ஆச்சு பாய்?"

"அதைத் தொடவே இல்லம்மா."

டீச்சர் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார்.

"சிரிச்சது போதும். எது ஓட்டைன்னு நீங்களே விரல் வச்சுக் காட்டுங்க" என்றேன்.

காட்டினார்.